புல்மன்: எதையும் விற்காமல் வாடகைக்கு விட்ட மனிதர்

இங்கிலாந்தின் தென்பகுதியில், சிச்செஸ்டர் நகருக்கு அருகே குட்வூட் என்ற மோட்டார் பந்தய ஓடுபாதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானத் தளமாக இருந்த இடம் அது. 1948இல் அங்கே பந்தயங்கள் தொடங்கின, 1966இல் நின்றுபோயின. 1998 முதல் செப்டெம்பர் மாதத்தில் மூன்று நாட்கள் 'குட்வூட் ரிவைவல்' என்ற பெயரில் விழா நடக்கிறது. ஓடுபாதை இயங்கிய அந்தப் பதினெட்டு ஆண்டுகளுக்குரிய கார்களே ஓடுகின்றன. பார்க்க வருபவர்களும் அந்தக் காலத்து உடுப்பிலேயே வருகிறார்கள்.

வசதி உள்ளவர்கள் இந்த விழாவுக்கு லண்டன் விக்டோரியா நிலையத்திலிருந்து ஒருநாள் சுற்றுலாவாகப் பழைய சொகுசு ரயில் ஒன்றில் போய்வருகிறார்கள். பழுப்பும் பால்நிறமும் பூசிய பெட்டிகள், பெரும்பாலும் 1920களிலும் 30களிலும் கட்டப்பட்டவை. உள்ளே மரத்தில் இழைத்த சித்திர வேலைப்பாடு, மெத்தை நாற்காலிகள், வெள்ளை மேசைவிரிப்பு. கழிப்பறைத் தரைகூட மொசைக் சித்திரம்தான். அந்த ரயிலின் பெயர் 'பிரிட்டிஷ் புல்மன்'.

புல்மன் என்பது சொகுசைக் குறிக்கும் சொல் என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். அது ஒரு மனிதரின் பெயர். அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படித்தபோது, அவர் செய்த ரயில் பெட்டிகளைவிட அவர் கட்டிய வீடுகளே என் மனதில் நின்றன. நான் மலையகத் தோட்டமொன்றின் லயன் அறையில் வளர்ந்தவன் என்பது அதற்குக் காரணமாக இருக்கலாம்.

ஜோர்ஜ் புல்மன் 1831 மார்ச் 3ஆம் திகதி அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் பிறந்தார். தகப்பன் தச்சர். கட்டடங்களை அப்படியே நகர்த்தி வேறிடத்தில் வைப்பதில் தேர்ந்தவர். ஈரி கால்வாயை அகலப்படுத்தியபோது கரையோரக் கட்டடங்களை அகற்றும் வேலை அவருக்கு நிறையக் கிடைத்தது. 1853இல் தகப்பன் இறந்ததும் மகன் அந்தத் தொழிலைப் பொறுப்பேற்றார்.

அதே தொழில்தான் அவரைச் சிக்காகோவுக்குக் கொண்டுபோனது. அந்த நகரம் அப்போது சதுப்பு நிலத்தில் சேறும் நோயுமாகக் கிடந்தது. கழிவுநீர்க் குழாய்களை நிலத்துக்கு மேலே பதித்து வீதிகளை உயர்த்தினார்கள். ஆகவே கட்டடங்களையும் உயர்த்த வேண்டியிருந்தது. புல்மனும் அவருடைய பங்காளிகளும் கட்டடத்துக்குக் கீழே நூற்றுக்கணக்கான ஜாக்கிகளை வைப்பார்கள். சைகை கொடுத்ததும் வேலையாட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கொஞ்சம் திருப்புவார்கள். கட்டடம் மயிரிழை மயிரிழையாக மேலே எழும்பும். 1861இல் ட்ரெமொன்ட் ஹவுஸ் என்ற பெரிய செங்கல் ஹோட்டலை, உள்ளே விருந்தினர் தங்கியிருக்கும்போதே இப்படி உயர்த்தினார்கள்.

அக்காலத்து இரவு ரயில் பயணம் ஒரு தண்டனை. பலகை போன்ற படுக்கை, புகை, குளிர். 1859இல் சாதாரணப் பெட்டிகள் இரண்டை உறங்கும் பெட்டிகளாக மாற்றிப் பார்த்தார் புல்மன். பிறகு சில காலம் கொலராடோவின் தங்கச் சுரங்கப் பகுதியில் வியாபாரம் செய்து பணம் சேர்த்தார். 1865 அளவில் 'பயனியர்' என்ற பெட்டி தயாரானது. பகலில் மேலே மடித்து வைத்து இரவில் இறக்கிக்கொள்ளும் படுக்கை, சித்திர வேலை, நல்ல விளக்கு. செலவு சுமார் 20,000 டொலர், வழக்கமான பெட்டியைப் போலப் பல மடங்கு. படுகொலை செய்யப்பட்ட ஜனாதிபதி லிங்கனின் இறுதி ஊர்வல ரயிலில் இந்தப் பெட்டி இணைக்கப்பட்டதால்தான் அவருக்குப் பெயர் வந்தது என்று ஒரு கதை உண்டு. வரலாற்றாசிரியர்கள் பலர் அதைச் சந்தேகிக்கிறார்கள்.

1867இல் அவர் கம்பனி தொடங்கினார். அடுத்த ஆண்டே ஓடும் ரயிலில் உணவகப் பெட்டி வந்தது. பெட்டிகளை அவர் ரயில்வே கம்பனிகளுக்கு விற்கவில்லை என்பதே அவருடைய வியாபாரத்தின் சூட்சுமம். பெட்டி அவருடையது. அதில் வேலை செய்பவர்களும் அவருடைய ஆட்கள். பயணி ரயில்வேக்கு ஒரு கட்டணமும் புல்மனுக்கு மேலதிகமாக ஒரு கட்டணமும் கட்டினார். சொகுசு விற்பனைக்கு இல்லை, இரவுக் கணக்கில் வாடகைக்கு மட்டும். 1874இல் இங்கிலாந்தின் மிட்லண்ட் ரயில்வேயிலும் புல்மன் பெட்டிகள் ஓடத் தொடங்கின. இன்றைய பிரிட்டிஷ் புல்மனின் வம்சம் அங்கிருந்துதான் வருகிறது.

அந்தப் பெட்டிகளில் படுக்கை விரித்து, சப்பாத்துத் துடைத்து, பெட்டி தூக்கியவர்கள் கறுப்பின ஆண்கள். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களைத் தேடி எடுத்தார் புல்மன். அவ்வளவு பேருக்கு நிலையான வேலை கொடுத்த முதலாளிகள் அன்று குறைவு என்பது உண்மை. சம்பளம் மிகக் குறைவு, பயணிகள் கொடுக்கும் சில்லறையை நம்பியே வாழ வேண்டியிருந்தது என்பதும் உண்மை. பயணிகளில் பலர் எந்தப் பணியாளையும் 'ஜோர்ஜ்' என்றே கூப்பிட்டார்கள். அடிமையை எசமானின் பெயரால் அழைத்த பழைய வழக்கத்தின் மிச்சம் அது.

1880இல் புல்மன் தன் வாழ்க்கையின் மிகப்பெரிய வேலையைத் தொடங்கினார். சிக்காகோவுக்குத் தெற்கே சுமார் 4,000 ஏக்கர் நிலம் வாங்கி, தொழிற்சாலையும் தொழிலாளர் நகரமும் கட்டினார். சொலொன் பீமன் என்ற இளம் கட்டடக் கலைஞர் அதை வடிவமைத்தார். செங்கல் வீடுகள், உள்ளேயே தண்ணீர், எரிவாயு விளக்கு, ஒழுங்காக அள்ளப்படும் குப்பை, பூங்கா, நாடக அரங்கு, நூலகம். சிக்காகோவின் சேரிகளில் வாழ்ந்த தொழிலாளிக்கு இது நினைத்துப் பார்க்க முடியாத வாழ்வு. 1893 அளவில் அங்கே சுமார் 12,000 பேர் வாழ்ந்தார்கள்.

அந்த வீடுகளில் ஒன்றைக்கூட எந்தத் தொழிலாளியும் சொந்தமாக வாங்க முடியாது. ரயில் பெட்டிக்கு இருந்த அதே விதி வீட்டுக்கும் இருந்தது. நூலகத்துக்குக் கட்டணம். பச்சைக்கல்லால் கட்டிய அழகான தேவாலயத்துக்கும் வாடகை கேட்டார், எந்தச் சபையும் கொடுக்க முடியாமல் அது நெடுநாள் வெறுமையாகக் கிடந்தது. மதுக்கடை கிடையாது. மகள் ஃப்ளோரன்ஸின் பெயரில் கட்டிய ஹோட்டலில் மட்டும் வெளியிலிருந்து வரும் விருந்தினருக்கு மது கிடைத்தது. பத்து நாள் அறிவித்தலில் எந்தக் குடும்பத்தையும் வீட்டிலிருந்து வெளியேற்றலாம்.

இந்தப் பத்து நாள் விதியைப் படித்தபோது எனக்கு எங்கள் லயம்தான் நினைவுக்கு வந்தது. தோட்டத்தில் குடும்பத்தில் ஒருவருக்காவது பேர் பதிந்திருக்க வேண்டும் என்பதே எங்கள் வீட்டில் எப்போதும் இருந்த கவலை. பேர் இருந்தால்தான் வேலை, வேலை இருந்தால்தான் கூரை. புல்மன் நகரத்து வீட்டோடு எங்கள் அறையை ஒப்பிட முடியாது. அங்கே செங்கல்லும் தண்ணீர்க் குழாயும் இருந்தன, எங்களுக்குத் தகரமும் பொதுப் பீலியும். ஆனால் வேலை கொடுப்பவனே வீட்டுக்காரனாகவும் இருந்தால், மனிதன் எப்படி வாயைத் திறப்பான் என்பது இரண்டு இடத்துக்கும் ஒரே கேள்விதான்.

1893இல் அமெரிக்காவைப் பொருளாதார நெருக்கடி தாக்கியது. புல்மன் பலரை வேலையிலிருந்து நிறுத்தினார். மற்றவர்களின் சம்பளத்தைச் சராசரியாகக் கால்பங்கு குறைத்தார். வாடகையை மட்டும் ஒரு சதமும் குறைக்கவில்லை. பங்குதாரர்களுக்கான இலாபப் பங்கும் வழக்கம்போல் போனது. தொழிற்சாலை வேறு, வீடு வேறு, இரண்டும் தனித்தனி வியாபாரம் என்பது அவர் நிலைப்பாடு. வாடகை கழித்த பிறகு சிலருடைய கையில் சில்லறைதான் மிஞ்சியது.

1894 மே மாதம் தொழிலாளர் குழுவொன்று முறையிடப் போனது. சில நாட்களில் அக்குழுவில் மூவர் வேலை இழந்தார்கள். மே 11ஆம் திகதி வேலைநிறுத்தம் தொடங்கியது. யூஜின் டெப்ஸ் தலைமையிலான அமெரிக்க ரயில்வே தொழிற்சங்கம் ஜூன் 26 முதல் புல்மன் பெட்டி இணைத்த எந்த ரயிலையும் இயக்குவதில்லை என்று முடிவு செய்தது. சிக்காகோவுக்கு மேற்கே நாட்டின் பெரும் பகுதியில் ரயில் போக்குவரத்து முடங்கியது. நடுவர் தீர்ப்புக்குப் போகலாம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் புல்மன் மறுப்பையே பதிலாகக் கொடுத்தார். ஜனாதிபதி க்ளீவ்லண்ட், மாநில ஆளுநரின் எதிர்ப்பையும் மீறி இராணுவத்தை அனுப்பினார். பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். டெப்ஸுக்கு ஆறு மாதச் சிறை. வேலைநிறுத்தம் தோற்றது.

தொழிலாளர் பக்கத்திலும் ஒரு கறை உண்டு. கறுப்பினத்தவரை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை என்று அந்தச் சங்கம் அதே ஜூன் மாதத்தில் வாக்கெடுத்துத் தீர்மானித்தது. புல்மனிடம் மிகக் குறைந்த கூலி வாங்கிய ரயில் பணியாளர்கள் அந்தப் போராட்டத்துக்கு வெளியே நின்றார்கள்.

மூன்று ஆண்டுகளின் பின், 1897 ஒக்டோபர் 19ஆம் திகதி, 66ஆவது வயதில் புல்மன் மாரடைப்பால் இறந்தார். கோபம் கொண்டவர்கள் உடலைத் தோண்டி எடுத்துவிடுவார்களோ என்று குடும்பத்தினர் பயந்தார்கள். சிக்காகோவின் கிரேஸ்லண்ட் மயானத்தில் ஆழமான குழி வெட்டி, ஈயம் பூசிய பெட்டியை இறக்கி, கொங்கிரீட் ஊற்றி, மேலே இரும்புத் தண்டவாளங்களைக் குறுக்கே போட்டு, மறுபடி கொங்கிரீட்டால் மூடினார்கள். தொழிலாளருக்கு நகரமே கட்டிக் கொடுத்த மனிதரின் அடக்கம் இப்படி நடந்தது.

அவரை வெறும் கொடுங்கோலர் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. நகரத்துப் பிள்ளைகளுக்கு இலவசத் தொழிற்கல்விப் பாடசாலை கட்ட உயிலில் 12 இலட்சம் டொலர் எழுதி வைத்திருந்தார். சொந்த மகன்கள் இருவருக்கும் விட்டது ஆண்டுக்கு 3,000 டொலர் வருமானம்தான். நல்ல வீட்டில் வாழ்ந்தால் தொழிலாளி நல்லவனாவான் என்று அவர் மனதார நம்பினார். அந்த வீட்டைப் பற்றிப் பேச அவனுக்கும் உரிமை வேண்டும் என்பது மட்டும் அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. உரிமை இல்லாமல் கிடைக்கும் வசதியைக் கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுக்கலாம்.

1898இல் இலினோய் மாநில உச்ச நீதிமன்றம், ரயில் பெட்டி செய்யும் கம்பனி ஒரு நகரத்தையே சொந்தமாக வைத்திருக்க முடியாது என்று தீர்த்து, தொழிலுக்குத் தேவையற்ற சொத்துகளை விற்கச் சொன்னது. அடுத்த சில ஆண்டுகளில் வீடுகள் விற்கப்பட்டன.

பணியாளர்களின் நியாயம் இன்னும் தாமதமாக வந்தது. 1925இல் பிலிப் ரண்டோல்ஃப் தலைமையில் அவர்கள் தங்களுக்கென்று சங்கம் அமைத்தார்கள். பன்னிரண்டு ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 1937இல் புல்மன் கம்பனி அவர்களுடன் ஒப்பந்தம் செய்தது. 1955இல் ரோசா பார்க்ஸ் கைதானபோது பிணை எடுக்கப் போன ஈ. டி. நிக்ஸன் ஒரு புல்மன் பணியாளர். 1963இல் வாஷிங்டன் பேரணிக்குத் தலைமை தாங்கியவர் அதே ரண்டோல்ஃப். 'ஜோர்ஜ்' என்று கூப்பிடப்பட்டவர்கள் தங்கள் சொந்தப் பெயரோடு வரலாற்றில் ஏறினார்கள்.

புல்மன் நகரம் இன்று அமெரிக்காவின் தேசிய வரலாற்றுப் பூங்கா. அந்தச் செங்கல் வீடுகள் பல இன்னும் உறுதியாக நிற்கின்றன, சனம் குடியிருக்கிறது. பத்து நாள் அறிவித்தலுக்குப் பயப்படாமல் குடியிருக்கிறார்கள்.