ஓவிய அம்மையார் ஹெலேன் ஷெர்ஃபெக்

பின்லாந்து நாடு ரஷ்யப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த காலத்தில், 1862ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10ஆம் நாள் ஹெல்சிங்கி நகரில் ஹெலேன் ஷெர்ஃபெக் அம்மையார் பிறந்தார். தந்தையார் ரயில்வே பணிமனையில் அலுவலர், செல்வக் குடும்பமன்று. நான்காம் வயதில் படிக்கட்டில் தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. படுக்கையில் கிடந்த குழந்தைக்குத் தந்தையார் எழுதுகோலும் தாளும் தந்தார். கால் ஊனமோ வாழ்நாள் முழுதும் நின்றது. பிற பிள்ளைகளைப்போல் பள்ளி செல்லவும் அவரால் இயலவில்லை.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று நோக்க வேண்டும். அச்சிறுமி வரைந்தவற்றை அடோல்ஃப் ஃபான் பெக்கர் என்னும் ஓவியர் கண்ணுற்றார். அவர்தம் முயற்சியால் 1873ஆம் ஆண்டில், பதினொரு வயதிலேயே, பின்லாந்துக் கலைச் சங்கத்தின் ஓவியப் பள்ளியில் கட்டணமின்றி இடம் கிடைத்தது. 1876இல் தந்தையார் காசநோயால் மறைந்தார். தாயார் வீட்டில் வாடகைக்கு ஆட்களைத் தங்கவைத்துக் குடும்பத்தைத் தாங்கினார். அந்நாளில் கட்டணம் கேட்டிருப்பின் அம்மையாரின் கல்வி அன்றே நின்றிருக்கும் என்றே நாம் எண்ணுகிறோம். உதவித்தொகைக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் நம் மாணவ மாணவியர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

1880இல், பனியில் காயமுற்றுக் கிடக்கும் படைவீரனைத் தீட்டிய ஓவியம் அவருக்கு அரசின் பயண உதவித்தொகையைப் பெற்றுத் தந்தது. பாரிஸ் சென்று பயின்றார். 1888இல் வரைந்த, நோய் தெளிந்துவரும் குழந்தையின் ஓவியம் மறுஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் வெண்கலப் பதக்கம் பெற்றது. பின்னர்த் தாம் பயின்ற பள்ளியிலேயே ஆசிரியப் பணி புரிந்தார்.

உடல்நலம் குன்றவே 1902இல் பணியைத் துறந்து, தாயாருடன் ஹிவின்கா என்னும் சிற்றூரில் குடியேறினார். புகழைத் தேடி அவர் எங்கும் செல்லவில்லை. தாயாரும் ஊர்ச் சிறுமியரும் உழைக்கும் பெண்டிருமே அவர் ஓவியங்களுக்கு அமர்ந்தனர். 1905இல் வரைந்த தையற்காரி, கருநிற உடையில், இடுப்பில் கத்தரிக்கோல் தொங்க அமைதியாக அமர்ந்திருக்கிறாள். இரக்கம் கோரும் சாயல் அவள் முகத்தில் இல்லை. அதுவே அவ்வோவியத்தின் பெருமை என்போம். பூசிய வண்ணத்தைச் சுரண்டி, வேண்டுவதை மட்டும் எஞ்சவிடுவது அம்மையாரின் வழக்கம்.

1914இல் கலைச் சங்கம் ஒன்பது ஓவியர்களிடம் தற்சித்திரம் வேண்டியது. அவர்களுள் பெண் இவர் ஒருவரே. முதல் தனிக் கண்காட்சி 1917இல்தான் நடைபெற்றது. அப்போது அகவை ஐம்பத்தைந்து!

இறுதிக் காலத்தைச் சுவீடனில் கழித்தார். எண்பது கடந்த அவ்வயதிலும் கண்ணாடி முன் அமர்ந்து, ஒடுங்கிவரும் தம் முகத்தையே மீண்டும் மீண்டும் வரைந்தார். அழகுபடுத்தவில்லை; எதனையும் மறைக்கவுமில்லை. கடைசி ஈராண்டுகளில் மட்டும் ஏறத்தாழ இருபது தற்சித்திரங்கள்! 1946ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் அம்மையார் இயற்கை எய்தினார். அவரது உடல் ஹெல்சிங்கியில் அடக்கம் செய்யப்பட்டது.