காம்பஸ் வேண்டாம், ஸ்கேல் வேண்டாம்... ஒரு சதுரப் பேப்பர் போதும்! - மெட்ராஸ் டெபுடி கலெக்டர் சுந்தர ராவின் மடிப்புக் கணக்கு

ரீல்ஸைத் தள்ளிக்கிட்டே போனா, நாலு வீடியோவுக்கு ஒண்ணு பேப்பர் கிராஃப்ட்டா இருக்கும். ரெண்டு மடிப்பு, ஒரு திருப்பு, பூ ரெடி. நீங்களும் ஒரு லைக் போட்டிருப்பீங்க. சிலர் உடனே பழைய நோட்டைக் கிழிச்சு உட்கார்ந்திருப்பீங்க. அடுத்த நிமிஷமே வீட்டுக்குள்ளேயிருந்து, படிக்கிற வேலையைப் பார்க்கச் சொல்லி ஒரு குரல் வந்திருக்கும்.

கைவேலை வேற, படிப்பு வேற. இது நம்ம வீடுகள்ல எழுதப்படாத சட்டம். ஆனா 130 வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் ரெண்டும் ஒண்ணுதான்னு புத்தகமே எழுதிக் காட்டிட்டார். அவர் கணக்கு வாத்தியார் இல்லை, மெட்ராஸ் மாகாணத்து டெபுடி கலெக்டர். பெயர், தண்டலம் சுந்தர ராவ். பேப்பர் மடிப்பில் இருக்கும் கணிதத்தைப் பற்றி உலகத்தில் எங்கே யார் பேசினாலும் இவர் பெயர் வராமல் இருக்காது. நம்ம ஊரில்தான் இவரை அதிகம் பேருக்குத் தெரியாது.

நம்ம டெல்டாவில் படித்தவர்

சுந்தர ராவ் பிறந்தது 1853-ல். படித்தது கும்பகோணம் அரசுக் கல்லூரி. பிற்பாடு 1904-ல் கணித மேதை ராமானுஜன் போய்ச் சேர்ந்த அதே கல்லூரிதான். காரைக்கால் மண்டபத்தூர் கடற்கரையில் உட்கார்ந்து நீங்க இதைப் படிக்கிறீங்கன்னா, மேற்கே சுமார் 60 கிலோமீட்டர் போனால் கும்பகோணம். இன்னைக்கு பஸ் ஏறினா காலையில் போய் மாலைக்குள் திரும்பிடலாம். அன்றைக்கு அது வேறு ஆட்சி. காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில், கும்பகோணம் பிரிட்டிஷ்காரர் கையில். ஆனால் ஆறும் வயலும் வெயிலும் ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே!

பட்டம் வாங்கிய பிறகு அவர் போனது அரசாங்கத்தின் ரெவின்யூ இலாகாவுக்கு. அந்த இலாகான்னா என்ன வேலைன்னு தெரியும்ல? பட்டா, வரி, ஜமாபந்தி, மனு, கோப்பு. நாள் முழுக்க பேப்பர்தான். ஆனால் அந்த மனிதருக்குப் பேப்பரைப் பார்த்தால் வேறொரு விஷயமும் தெரிந்தது. அதை அவருக்குக் காட்டியது, சின்னப் பிள்ளைகள் விளையாடும் ஒரு பெட்டி.

ஜெர்மனியிலிருந்து வந்த விளையாட்டுப் பெட்டி

இங்கே கொஞ்சம் ஜெர்மனி வரைக்கும் போயிட்டு வரணும். உங்க தெருவில் இருக்கும் எல்.கே.ஜி., யு.கே.ஜி-க்கெல்லாம் தாத்தா ஒருவர் உண்டு. அவர் பெயர் ஃப்ரெட்ரிக் ஃப்ரோபெல். குழந்தைகள் உட்கார்ந்து ஒப்பிக்கக் கூடாது, கையால் தொட்டு விளையாடிக் கற்கணும்னு சொன்னவர். 1837-ல் பாட் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் அப்படி ஒரு இடத்தைத் தொடங்கி, 1840-ல் அதற்கு கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தார். குழந்தைகளின் தோட்டம் என்று அர்த்தம். பந்து, மரக்கட்டை, குச்சி, வண்ணப் பேப்பர் என்று ஒவ்வொன்றையும் குழந்தைகளுக்கான பரிசு, கைவேலை என்று வரிசைப்படுத்தினார். பிரஷ்ய அரசாங்கத்துக்கு இது ஆபத்தாகத் தெரிந்தது. 1851-ல் கிண்டர்கார்டன்களுக்குத் தடை போட்டது. மறு வருஷமே ஃப்ரோபெல் இறந்துபோனார். தடை நீங்கியது 1860-ல். அதைப் பார்க்க அவர் இல்லை.

அவர் இறந்ததற்கு அடுத்த வருஷம் பிறந்தவர்தான் நம்ம சுந்தர ராவ். வளர்ந்து பெரிய அதிகாரியான பிறகு, கிண்டர்கார்டன் வரிசையில் எட்டாம் பரிசு என்று விற்கப்பட்ட பேப்பர் மடிக்கும் பெட்டி அவர் கண்ணில் பட்டது. உள்ளே 200 சதுர வண்ணத் தாள்கள், மடிப்பை அழுத்தித் தேய்க்க ஒரு பட்டைக் கருவி, எப்படி மடிக்கணும்னு படங்கள். அவ்வளவுதான். குழந்தை அதில் படகு செய்யும், தொப்பி செய்யும். இவர் அதில் ஜியோமெட்ரியைப் பார்த்தார்.

மடிப்பு பொய் சொல்லாது

1893-ல், தன் 40 வயதில், புத்தகத்தை வெளியிட்டார். மெட்ராஸ் அடிசன் கம்பெனி வெளியீடு. ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் சொன்னால், காகித மடிப்பில் வடிவியல் பயிற்சிகள். ஜியோமெட்ரி பாக்ஸே வேண்டாம் என்பதுதான் புத்தகத்தின் அடிப்படை. தேவையானது ஒரு பேனாக்கத்தியும், நீளத்தை அளந்து வைக்கச் சில துண்டுப் பேப்பர்களும். சதுரத் தாளே ஸ்கேல், அதன் மூலையே மூலைமட்டம். வண்ணத் தாள் என்றால் மடிப்புக்கோடு நல்லாத் தெரியும், பார்க்கவும் அழகு. இல்லைன்னா நடுத்தர கனமுள்ள எந்தப் பேப்பரும் போதும்.

ஏன் மடிக்கணும்? அதற்கு அவர் முன்னுரையில் ஒரு பழைய குறும்புக் கணக்கை எடுத்து வைக்கிறார். எந்த முக்கோணமானாலும் அதில் ரெண்டு பக்கம் சமம்னு நிரூபிக்கிற போலிக் கணக்கு அது. படத்தைக் கையால் சுமாரா வரைஞ்சா, படிக்குப் படி சரியாத்தான் தெரியும். எங்கே ஏமாந்தோம்னே புரியாது.

நீங்களே செய்து பாருங்க. மூணு பக்கமும் வெவ்வேறு நீளத்தில் ஒரு முக்கோணம் வெட்டுங்க. உச்சி மூலையில் சேரும் ரெண்டு பக்கங்களையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து மடியுங்க. பிரிச்சிட்டு, கீழே இருக்கும் ரெண்டு மூலைகளையும் ஒன்றாகச் சேர்த்து மடியுங்க. இப்போ ரெண்டு மடிப்புக்கோடும் எங்கே வெட்டுதுன்னு தேடுங்க. பேப்பருக்குள்ளே வெட்டாது. அவை சந்திக்கிற இடம் முக்கோணத்துக்கு வெளியே கீழே இருக்கு. அந்தப் போலிக் கணக்கோ உள்ளே சந்திக்கிற மாதிரி படம் போட்டுத்தான் ஏமாத்தும். ஒரே மடிப்பில் குட்டு வெளிப்பட்டது!

சுந்தர ராவ் வாழ்நாளில் சொன்ன முக்கியமான விஷயம் இதுதான். யாரோ சொன்னாங்கன்னு நம்ப வேண்டாம், உன் கையாலேயே மடித்துப் பார், உண்மை கண் முன்னால் வந்து நிற்கும். வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் அப்படியே தள்ளிவிடுற நம்ம காலத்துக்கு இது கணக்குப் பாடம் மட்டும்தானா என்ன?

இப்போ நீங்க மடிங்க

புத்தகம் சதுரத்தில் தொடங்கி, சமபக்க முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம், எண்கோணம் என்று ஏறி, 15 பக்க உருவம் வரை போகிறது. கடைசியில் வளைகோடுகள். அதே பாதையில் போய், உங்க வீட்டுச் சுவரை அலங்கரிக்க மூணு மடிப்புகள் இங்கே.

சதுரம்: ஏ4 தாளை எடுங்க. குட்டைப் பக்கத்தை நீளப் பக்கத்தின் மேல் படியும்படி குறுக்கே மடியுங்க. மீதி நிற்கும் பட்டையை வெட்டினால் சதுரம் ரெடி. வெட்டிய பட்டையைத் தூக்கிப் போடாதீங்க, வளையம் வளையமாகக் கோத்து சங்கிலித் தோரணம் பண்ணலாம்.

முக்கோணம்: சதுரத்தை இடமும் வலமும் சேர நடுவில் செங்குத்தாக மடிச்சுப் பிரியுங்க. கீழ் இடது மூலையை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, கீழ் வலது மூலையைத் தூக்கி அந்த நடுக்கோட்டின் மேல் தொடும்படி கொண்டுபோங்க. தொட்ட இடத்தில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து கீழ் மூலைகள் இரண்டுக்கும் மடிப்புப் போட்டு வெட்டினால், மூணு பக்கமும் சமமான முக்கோணம். ஏன் சமம்? சதுரத்தின் பக்கமேதான் தூக்கி வைக்கப்பட்டிருக்கு. நீளம் மாற வழியே இல்லை.

அறுகோணம்: அந்த முக்கோணத்தில், ஒவ்வொரு மூலையிலும் பக்கத்தோடு பக்கம் சேர்த்து மடிச்சுப் பிரிச்சா, மூணு கோடுகளும் ஒரே இடத்தில் கூடும். அதுதான் மையம். மூணு மூலைகளையும் அந்த மையத்துக்குக் கொண்டுவந்து அழுத்துங்க. அறுகோணம் வந்தாச்சு. ஒரு பக்கம் மட்டும் வண்ணம் உள்ள பேப்பரில், வெள்ளைப் பக்கத்தை மேலே வைத்து மடித்தால், வண்ணம், வெள்ளை, வண்ணம், வெள்ளை என்று ஆறு சின்ன முக்கோணங்கள் மாறி மாறி வரும். 15 செ.மீ சதுரத்தில் தொடங்கினால் அறுகோணத்தின் பக்கம் சரியாக 5 செ.மீ. இப்படி ஏழு செய்து, நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என்று ஒட்டுங்க. இடைவெளியே இல்லாத ஒரு பூ கிடைக்கும். கிறிஸ்துமஸ் குடில், கொலு, மாங்கனித் திருவிழா நேரத்து வாசல், எதுக்கும் பொருந்தும்.

இன்னும் கொஞ்சம் பொறுமை இருந்தால் ஒரு வளைகோடும் செய்யலாம். தாளின் கீழ் விளிம்புக்கு 3 செ.மீ மேலே, நடுவில் ஒரு புள்ளி வையுங்க. விளிம்பின் ஏதாவது ஓர் இடம் அந்தப் புள்ளியைத் தொடுற மாதிரி மடிச்சுப் பிரியுங்க. விளிம்பில் இடத்தை மாத்தி மாத்தி 25, 30 தடவை செய்யுங்க. நேர்க்கோடாகவே மடிச்சீங்க. ஆனால் எல்லாக் கோடுகளும் சேர்ந்து ஒரு அழகான வளைவைக் கட்டியிருக்கும். அதுதான் பரவளையம், மாடியில் இருக்கும் டிஷ் ஆன்டெனாவின் வளைவு. பட்டர் பேப்பரில் செய்து ஜன்னலில் தொங்கவிட்டால் வெளிச்சத்தில் கோடுகள் மின்னும்.

மெட்ராஸிலிருந்து சிகாகோ வரை

சரி, புத்தகம் வந்தது. அப்புறம்? மெட்ராஸில் ஓர் அதிகாரி எழுதிய சின்னப் புத்தகம், பத்து வருஷத்தில் கரையான் அரிச்சுக் காணாமல் போயிருக்கலாம். அப்படி எத்தனையோ போயிருக்கு. இது தப்பித்ததற்குக் காரணம் ஒரு குறிப்பு.

ஜெர்மனியின் கணித வட்டாரத்தில் பெரிய பெயர் ஃபெலிக்ஸ் க்ளைன். அவர் 1895-ல் வெளியிட்ட ஒரு சிறு நூலில், மெட்ராஸ் சுந்தர ராவ் என்பவர் காகித மடிப்பை விரிவாக எடுத்துப் போயிருக்கிறார் என்று இரண்டு வரியில் குறித்தார். அதைப் படித்த அமெரிக்கப் பேராசிரியர்கள் இருவர், வூஸ்டர் பீமன், டேவிட் யூஜின் ஸ்மித், புத்தகத்தைத் தேட ஆரம்பித்தார்கள். ஆன்லைனில் ஆர்டர் போட்டு மறுநாள் வாங்குகிற காலமா அது? எரிச்சலூட்டும் தாமதங்களுக்குப் பிறகே பிரதி கைக்கு வந்தது. படித்ததும் அமெரிக்காவில் வெளியிட அனுமதி கேட்டார்கள். சுந்தர ராவ் தாராள மனதோடு கொடுத்தார். நிரூபணங்களில் சின்னச் சின்னத் திருத்தம் செய்து, கோட்டுப் படங்களுக்குப் பதிலாக நிஜமாக மடித்த தாள்களைப் போட்டோ எடுத்துச் சேர்த்து, 1901-ல் சிகாகோவில் பதிப்பித்தார்கள்.

அங்கிருந்து அது நிற்கவே இல்லை. 1966-ல் டோவர் பதிப்பகம் மலிவு விலையில் மறுபடி போட்டது. காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால், இன்றைக்கு உங்க மொபைலிலேயே இலவசமாக இறக்கிப் படிக்கலாம். தேடும்போது ராவ் என்று தேடினால் சிக்காது. அந்தக் கால மெட்ராஸ் ஆங்கில வழக்கப்படி அட்டையில் ஆர், ஓ, டபிள்யூ என்றுதான் இருக்கும். வெளிநாட்டில் பலர் அவரை 'ரோ' என்றே கூப்பிடுறாங்க. நம்ம ஆள்தான்னு நமக்கே தெரியாமல் போனதுக்கு இந்த எழுத்தும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அவர் தாண்டாத ஒரு கோடு

இவ்வளவு தூரம் வந்தவர் ஓர் இடத்தில் நின்றுவிட்டார். கோணத்தை மூணு சம பாகமாக்கத் தோராயமான வழியை மட்டுமே கொடுத்தார். கனமூலத்தை மடிப்பால் எடுக்க முடியாது என்கிற மாதிரியே எழுதினார். ஸ்கேலும் காம்பஸும் வைத்து முடியாத காரியம், மடிப்பாலும் முடியாது என்று நினைத்திருப்பார் போல. 1936-ல் இத்தாலியின் மார்கெரிட்டா பெலோக் என்ற கணித அறிஞர், இரண்டு புள்ளிகளை ஒரே நேரத்தில் இரண்டு கோடுகளின் மேல் விழச் செய்கிற ஒரே மடிப்பால் அதைச் செய்யலாம் என்று காட்டினார். பேப்பர், காம்பஸை ஜெயித்துவிட்டது! சுந்தர ராவ் தன் கையில் இருந்த சதுரத்தை எவ்வளவு நம்பினாரோ, அதைவிடவும் அதிகமாக அது செய்யக்கூடியதாக இருந்தது.

இதில் அவருக்குக் குறைவு ஒன்றும் இல்லை. அவர் சொன்னதையும் அப்படியே நம்பாமல் மடித்துப் பார்த்ததால்தானே அடுத்த கதவு திறந்தது? அவர் கேட்டதும் அதைத்தானே!

கடலோரக்காரர்களுக்கு சில டிப்ஸ்

மண்டபத்தூர் மாதிரி கடலையொட்டி இருக்கும் ஊர்களில் பேப்பர் சீக்கிரம் நமத்துப்போகும். மெல்லிய தாளில் செய்த தோரணம் ரெண்டே நாளில் தொங்கிப்போயிடும். அதனால், போன வருஷத்து காலண்டர் தாள், பழைய கல்யாணப் பத்திரிகை மாதிரி கொஞ்சம் விறைப்பான பேப்பரை எடுங்க. மடிப்பை ஸ்பூனின் முதுகால் அழுத்தித் தேயுங்க, கோடு கூர்மையா விழும். தண்ணியா இருக்கும் பசை வேண்டாம், குளூ ஸ்டிக் நல்லது. மிச்சத் தாள்களை பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்க.

அடுத்த தடவை நீங்க மடிச்சுக்கிட்டு இருக்கும்போது, படிப்பை விட்டுட்டு விளையாட்டான்னு வீட்டில் யாராவது கேட்டால், அந்த முக்கோணத்தை அவங்க கையில் கொடுத்துடுங்க. மூணு பக்கமும் சமம்னு ஸ்கேல் இல்லாமல் காட்டச் சொல்லுங்க. அவங்களும் பக்கத்தில் உட்கார்ந்து மடிக்க ஆரம்பிச்சுடுவாங்க, பாருங்க!