கூரியரில் போன டெராபைட்: ஜிம் கிரேயின் கதை

முதல்ல ஒரு சின்ன கணக்கு போடுவோம். உங்ககிட்ட 1 டெராபைட் டேட்டா இருக்கு. அதை வேற ஊர்ல இருக்கிற ஒருத்தருக்கு அனுப்பணும். உங்க நெட் ஸ்பீட் 100 எம்.பி.பி.எஸ். என்று வெச்சுக்கோங்க. ஒரு நொடிகூட தடங்கல் இல்லாம போனாலும் 80,000 நொடி ஆகும், அதாவது 22 மணி நேரத்துக்கும் மேல. அதே டேட்டாவை ஹார்ட் டிஸ்க்ல போட்டு, மறுநாள் போய்ச் சேர்ற கூரியர்ல அனுப்பினாலும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். சரி, டேட்டா 10 டெராபைட் ஆனா? நெட்ல 9 நாளைத் தாண்டிடும். கூரியருக்கு அதே ஒரு நாள்தான், பெட்டி மட்டும் கொஞ்சம் கனமாகும். காப்பி பண்ற நேரத்தைச் சேர்த்தாலும் கூரியர்தான் ஜெயிக்கும்.

இந்தக் கணக்கை சும்மா விளையாட்டுக்குப் போடாமல், 2002-ல் நண்பர்களோடு சேர்ந்து ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையாகவே எழுதியவர் ஜிம் கிரே. டி.பி.எம்.எஸ். பேப்பர் எழுதி பாஸான நாம எல்லாருமே, பேர் தெரியாமலேயே அவரைப் படிச்சிருக்கோம்.

கிரே 1944-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1966-ல் இன்ஜினியரிங் கணிதத்தில் பட்டம் வாங்கினார். 1969-ல் அதே இடத்தில் பி.எச்டி. முடித்தார். அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் துறை தந்த முதல் பி.எச்டி. அவருடையதுதான்.

எழுபதுகளில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் சிஸ்டம் ஆர் என்ற புராஜெக்ட்டில் வேலை பார்த்தார். எஸ்.க்யூ.எல். பிறந்த இடம் அது. அங்கே அவர் பிடிச்சுக்கிட்ட பிரச்சினை என்னன்னு பாருங்க. நீங்க நண்பனுக்கு 500 ரூபாய் அனுப்பறீங்க. உங்க கணக்குல பணம் கழிஞ்சாச்சு, அவன் கணக்குல ஏறறதுக்குள்ள கரண்ட் போயிடுச்சு. இப்ப அந்த 500 ரூபாய் எங்கே?

எங்கேயும் தொங்கிட்டு நிக்கக்கூடாது என்பதுதான் கிரேயின் பதில். ஒரு பரிவர்த்தனை முழுசா நடக்கணும், இல்லேன்னா நடக்கவே நடக்காத மாதிரி பழைய நிலைக்குத் திரும்பிடணும். இதற்காக டேட்டாவை மாற்றும் முன்பே லாக்கில் எழுதி வைக்கும் முறையையும், ஒரே நேரத்தில் பல பேர் ஒரே டேட்டாவைத் தொடும்போது எதை எவ்வளவு லாக் போடுவது என்ற முறையையும் அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் வகுத்தார்கள். ஆசிட் என்ற சுருக்கப் பெயரை 1983-ல் வைத்தது இரண்டு ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள். ஆனால் அதன் கரு கிரேயுடையது. இன்னைக்கு ஏ.டி.எம்., டிக்கெட் புக்கிங், யு.பி.ஐ. எதுவுமே இந்த யோசனை இல்லாம ஓடாது. 1998-ம் ஆண்டுக்கான ட்யூரிங் விருது அவருக்குக் கிடைத்தது.

ஐ.பி.எம்.முக்குப் பிறகு டாண்டம், டெக் நிறுவனங்களில் இருந்துவிட்டு, 1995-ல் மைக்ரோசாஃப்ட்டின் ஆராய்ச்சிப் பிரிவுக்கு வந்தார். அங்கே 1998-ல் டெராசர்வர் என்ற இணையதளத்தை உருவாக்கினார்கள். மேலிருந்து எடுத்த பூமியின் படங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கூகுள் எர்த் வருவதற்குப் பல வருஷம் முன்னாடி இது!

அடுத்து அவர் போனது வானியல் பக்கம். நியூ மெக்சிகோவில் ஸ்லோன் என்ற பெயரில் ஒரு பெரிய வான ஆய்வு நடந்தது. அங்கே டெலஸ்கோப் பதிவு செய்த டேட்டா டேப்புகளில் ஏறி, சிகாகோ பக்கத்தில் உள்ள ஃபெர்மி ஆய்வகத்துக்குக் கூரியரில்தான் போனது. வானியலாளர் அலெக்ஸ் சாலேயுடன் சேர்ந்து, அந்த டேட்டாவை எல்லோரும் தேடிப் பார்க்கும்படி ஸ்கைசர்வர் என்ற தளத்தை கிரே உருவாக்கினார். பெரிய டெலஸ்கோப்பில் நேரம் கிடைக்காத ஒரு ஸ்கூல் பையன்கூட வானத்தை எஸ்.க்யூ.எல்.லில் கேள்வி கேட்கலாம் என்றானது.

ஆனா முழு டேட்டாவும் வேணும்னு கேட்கிற ஆராய்ச்சியாளர்களுக்கு எப்படி அனுப்பறது? அப்போதைய இன்டர்நெட் வேகத்தில் அது நடக்காத காரியம். அதனால் கிரே ஹார்ட் டிஸ்க்கையே பார்சல் போட ஆரம்பித்தார். உடைஞ்சிடும் என்று பயமுறுத்தியதால் முதலில் ஃபோம் எல்லாம் வைத்துப் பத்திரமாக அனுப்பினார். இருபது டிஸ்க் போல நல்லபடியாகப் போனதும் வெறும் பபிள் ரேப் போதும் என்று விட்டுவிட்டார். அப்புறம் புதுத் தலைவலி: இங்கே எழுதின டிஸ்க் அங்கே இருக்கிற மெஷின்ல சரியா வேலை செய்யாது. சரி என்று டிஸ்க்குகளோடு முழு கம்ப்யூட்டரையே பெட்டியில் வைத்து அனுப்பினார். வாங்கினவர் பிளக்கைச் சொருகி, நெட்வொர்க் கேபிளை மாட்டினா போதும். வெளிநாட்டுக்கு அனுப்பும்போது கஸ்டம்ஸ் வரியும் தாமதமும்தான் பெரிய தொல்லை.

இதற்குப் பெயர் ஸ்னீக்கர்நெட். ஷூ மாட்டிக்கிட்டு நடந்தே போய் டேட்டா கொடுக்கிற நெட்வொர்க். ஹாஸ்டல்ல ரூம் ரூமா ஹார்ட் டிஸ்க் சுத்துதே, அதேதான். லேட்டன்சி ரொம்ப மோசம், பேண்ட்விட்த் பிரமாதம். உலகமே இன்டர்நெட் என்று பேசிய காலத்தில், ட்யூரிங் விருது வாங்கிய ஒருத்தர் கௌரவம் பார்க்காமல் கணக்கு மட்டும் பார்த்தார். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது இதுதான்.

2007 ஜனவரி 28. தன் அம்மாவின் அஸ்தியைக் கடலில் கரைப்பதற்காக, டெனேஷியஸ் என்ற தன் பாய்மரப் படகில் ஃபாரலான் தீவுகளை நோக்கித் தனியாகக் கிளம்பினார். திரும்பி வரவில்லை. ஆபத்து என்று ஒரு அழைப்பும் வரவில்லை. படகின் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை.

கடலோரக் காவல்படை சில நாட்கள் தேடிவிட்டு நிறுத்திய பிறகும் நண்பர்கள் விடவில்லை. கடலைச் சாட்டிலைட்டில் படம் எடுக்க வைத்தார்கள். அந்தப் படங்களைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி அமேசானின் மெக்கானிக்கல் டர்க் தளத்தில் போட்டார்கள். முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானோர் ராத்திரி பகலாக உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகப் பார்த்தார்கள். மேலிருந்து எடுத்த படங்களை எல்லோருக்கும் திறந்துவிட்ட மனிதரை, அதே மாதிரிப் படங்களில் எல்லோரும் தேடினார்கள். பிறகு கடலுக்கு அடியிலும் தேடினார்கள். பலன் இல்லை.

அவர் இறந்துவிட்டார் என்று சட்டப்படி அறிவிக்க 2012 வரை ஆனது. எதுவும் பாதியில் தொங்கக்கூடாது என்று வாழ்நாள் முழுக்க உழைத்தவரின் குடும்பம், இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் ஐந்து வருஷம் நின்றது. படிக்கும்போது எனக்கு மனசு கனத்துப் போனது.

அவருடைய கணக்கு மட்டும் இன்னும் செல்லுபடியாகிறது. 2019-ல் வெளியான முதல் பிளாக் ஹோல் படம் நினைவிருக்கா? 2017-ல் பல டெலஸ்கோப்புகள் பதிவு செய்த டேட்டா ஹார்ட் டிஸ்க்குகளாக விமானத்தில்தான் வந்தது. தென் துருவத்து டிஸ்க்குகள், குளிர்காலம் முடிந்து விமானம் இறங்கும் வரை மாதக்கணக்கில் காத்திருந்தன.

அடுத்த தடவை புராஜெக்ட் டேட்டாசெட்டை அப்லோடு போட்டுட்டு ராத்திரி முழுக்க முழிச்சு உட்காரறதுக்கு முன்னாடி, ஒரு நிமிஷம் வகுத்துப் பாருங்க. ஃபைல் சைஸ் எவ்வளவு, ஸ்பீட் எவ்வளவு, நடந்து போனா எவ்வளவு நேரம்? காப்பி பண்ணி முடிச்சதும் செக்சம் சரிபார்க்க மறந்துடாதீங்க. பாதி காப்பி ஆகாமலே இருக்கலாம்; கிரே அதை ஒத்துக்க மாட்டார்.