ரிச்சர்டு ஷோப்

ரிச்சர்டு எட்வின் ஷோப் (டிசம்பர் 25, 1901 – அக்டோபர் 2, 1966) ஓர் அமெரிக்க மருத்துவரும் தீநுண்ம (வைரஸ்) ஆய்வாளரும் ஆவார். இன்ஃபுளுவென்சா எனப்படும் சளிக்காய்ச்சலின் தீநுண்மத்தைப் பாலூட்டிகளில் முதன்முதலாகக் கண்டறிந்தவர் இவரே. மனிதரிடம் அத்தீநுண்மம் பிரித்தெடுக்கப்படுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1931இல், பண்ணைப் பன்றிகளில் இவர் அதைக் கண்டறிந்தார்.

பிறப்பும் கல்வியும்

ஷோப் அயோவா மாநிலத்தின் டி மொயின் நகரில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். அயோவா பல்கலைக்கழகத்தில் 1924ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார். நியூ செர்சியின் பிரின்ஸ்டனில் இயங்கிய ராக்பெல்லர் கழகத்தின் விலங்கு நோயியல் பிரிவில் 1925இல் சேர்ந்து, பால் லூயிஸ் என்பவரின் கீழ்ப் பணியாற்றினார்.

பன்றிக் காய்ச்சல் ஆய்வு

1918ஆம் ஆண்டின் உலகளாவிய கொள்ளைநோயில் ஏறத்தாழ 5 கோடி மக்கள் இறந்தனர் என மதிப்பிடப்படுகிறது. அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் அமெரிக்கப் பன்றிகளும் இருமலும் காய்ச்சலுமாக நோயுற்றன. அரசு கால்நடை ஆய்வாளர் ஜே. எஸ். கோயன் அந்நோய்க்கும் மனிதரின் நோய்க்கும் உள்ள ஒற்றுமையைக் கண்டு, அதற்கும் 'ஃபுளூ' என்றே பெயரிட்டார். இறைச்சி விற்பனை பாதிக்கப்படும் என்று அஞ்சியோர் இப்பெயரை எதிர்த்தனர்.

பன்றிக் கொள்ளைநோயை ஆராய 1928இல் அயோவா சென்ற ஷோப், அங்கு இந்தச் சளிக்காய்ச்சலையும் நேரில் கண்டார். அவரும் லூயிசும் நோயுற்ற பன்றிகளிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தனர். மனிதச் சளிக்காய்ச்சலுக்குக் காரணம் என அக்காலத்தில் பலர் நம்பிய பாக்டீரியாவை அது ஒத்திருந்தது. எனினும், அதனை மட்டும் நலமான பன்றிகளுக்குச் செலுத்தியபோது நோய் தோன்றவில்லை. 1929இல் பிரேசிலில் மஞ்சள் காய்ச்சலை ஆராய்ந்துகொண்டிருந்த லூயிஸ் அந்நோயாலேயே இறந்தார். ஷோப் ஆய்வைத் தனியே தொடர்ந்தார்.

நோயுற்ற பன்றிகளின் மூச்சுக்குழல் சளியை, பாக்டீரியா புகவியலாத வடிகட்டியில் வடித்து நலமான பன்றிகளின் மூக்கில் செலுத்தினார். லேசான நோய் உண்டானது. வடிநீரையும் பாக்டீரியாவையும் சேர்த்துச் செலுத்தியபோது கடும் நோய் தோன்றியது. எனவே மூலக் காரணி தீநுண்மமே என்றும், பாக்டீரியா நோயைக் கடுமையாக்கும் துணை மட்டுமே என்றும் 1931இல் வெளியிட்டார்.

1933இல் வில்சன் சிமித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பாட்ரிக் லெயிட்லா ஆகிய ஆங்கிலேய ஆய்வாளர்கள், கீரியை ஒத்த பெரட் என்னும் விலங்கைக் கொண்டு மனிதத் தீநுண்மத்தைப் பிரித்தெடுத்தனர். பின்னர் ஷோப் மனிதக் குருதி மாதிரிகளைச் சோதித்தார். பன்றித் தீநுண்மத்தை முறியடிக்கும் எதிர்ப்பொருள் பெரியவர்களிடம் இருந்தது. 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் பெரும்பாலும் இல்லை. ஆகவே 1918இல் மனிதரைத் தாக்கிய தீநுண்மமே பன்றிகளில் நிலைத்துவிட்டது என்று அவர் கருதினார். 1918 தீநுண்மத்தின் மரபணுத்தொடர் 2005இல் முழுமையாக வெளியிடப்பட்டது. அதற்கும் பழைய பன்றித் தீநுண்மத்துக்கும் உள்ள நெருங்கிய உறவை இவ்வகை மரபணு ஆய்வுகள் உறுதிப்படுத்தின.

ஷோப்பின் கருத்துகள் அனைத்தும் நிலைக்கவில்லை. கொள்ளைநோய்க் காலங்களுக்கு இடையே தீநுண்மம் பன்றியின் நுரையீரல் புழுவிலும், அதனைச் சுமக்கும் மண்புழுவிலும் மறைந்திருக்கிறது என்று அவர் கூறியதைப் பிற்கால ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. அது பன்றியிலிருந்து பன்றிக்கு ஆண்டு முழுவதும் பரவியே நிலைக்கிறது.

பிற பணிகள்

காட்டுமுயல்களில் மரு போன்ற கட்டிகளை உண்டாக்கும் தீநுண்மத்தை 1933இல் கண்டறிந்தார். அதனைப் பெய்டன் ரௌசுக்கு வழங்கினார். ரௌஸ் அதைக் கொண்டு புற்றுநோய் ஆய்வுகளை நடத்தினார். இரண்டாம் உலகப்போரின்போது கனடாவின் குரோஸ் தீவில், கருவுற்ற கோழிமுட்டையில் வளர்த்த தீநுண்மத்திலிருந்து மாட்டு வெக்கை நோய்க்குத் தடுப்பூசி உருவாக்கும் பணியில் ஈடுபட்டார். 1957இல் லாஸ்கர் விருது பெற்றார். இவரது மகன் ராபர்ட் ஷோப்பும் தீநுண்ம ஆய்வாளர் ஆவார்; புதிதாகத் தலையெடுக்கும் தொற்றுநோய்களைப் பற்றி 1992இல் வெளியான அமெரிக்க அறிக்கையை உருவாக்கிய குழுவின் இணைத்தலைவராக இருந்தார்.

தாக்கம்

பண்ணை விலங்குகளின் மூச்சுநோய் மனிதரின் நோயோடு தொடர்புடையது என்பதை ஆய்வகச் சான்றுடன் காட்டியதே ஷோப்பின் முதன்மைப் பங்களிப்பாகும். பிற்காலத்தில் இத்தொடர்பு பறவைகளுக்கும் விரிந்தது. கோழிக் கொள்ளைநோயின் தீநுண்மமும் இன்ஃபுளுவென்சா வகையே என 1955இல் வெர்னர் ஷேஃபர் நிறுவினார். பன்றித் தீநுண்மங்கள் பண்ணை வான்கோழிகளையும் தொற்றுவது பின்னர் அறியப்பட்டது. 2009இல் உலகெங்கும் பரவிய எச்1என்1 தீநுண்மத்தின் மரபணுக்களுள் சில, ஷோப் கண்ட பன்றித் தீநுண்மத்தின் வழிவந்தவை. அதே ஆண்டில் சிலி நாட்டின் வான்கோழிப் பண்ணைகளில் அது கண்டறியப்பட்டது. அங்கு முட்டை உற்பத்திக் குறைவே முதல் அறிகுறியாக இருந்தது. இத்தகைய சிறு மாற்றத்தைப் புறக்கணிக்காமல், தொண்டைச் சளியில் தீநுண்ம மரபுப்பொருளையும் குருதியில் எதிர்ப்பொருளையும் தேடுவதே இன்றைய கண்காணிப்பு முறையாகும்.