நேதாஜியும் நம் தோட்டத்துச் சிப்பாய்களும்



தாத்தா பாட்டி வீட்டுச் சுவரில், காந்தி படத்துக்குப் பக்கத்தில் பட்டாள உடுப்போடு நேதாஜி படம் தொங்கியதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அவர் வெள்ளைக்காரனை எதிர்த்துப் போராடியது எல்லாருக்கும் தெரியும். தம் சொந்தப் படைக்குள் இருந்த மேல், கீழ் என்ற எண்ணத்தோடும் அவர் போராட வேண்டியிருந்தது. அந்தக் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

சுபாஷ் சந்திர போஸ் 1897 ஜனவரி 23ஆம் நாள் கட்டாக் நகரில் பிறந்தார். இளவயதில் 49ஆவது வங்காளப் படையில் சேரப் போனார். கண்பார்வை போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு ஐ.சி.எஸ். தேறினார், 1921இல் அந்தப் பதவியையே உதறிவிட்டு விடுதலைப் போரில் குதித்தார்.

அன்றைய ஆங்கிலேயர் பட்டாளத்தில் ஒரு கணக்கு இருந்தது. பஞ்சாபியர், பட்டாணியர், கூர்க்கர் எல்லாம் வீர இனமாம். வங்காளியும் தமிழனும் சண்டைக்கு லாயக்கில்லையாம்! சிப்பாய்களுக்குச் சமையலும் மதவாரியாகத் தனித்தனி.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. இரண்டே நாளில், சிராங்கூன் ரோட்டுக்கு அருகே ஃபேரர் பார்க் திடலில், 40,000க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். அவர்களில் பலரைக் கொண்டு மோகன் சிங் இந்திய தேசிய இராணுவத்தை அமைத்தார். ஜப்பானியரோடு பிணக்கு ஏற்பட்டு, அந்த ஆண்டுக் கடைசியில் அது கலைந்தது.

1943 ஜூலை 2ஆம் நாள் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். 4ஆம் தேதி கேத்தே கட்டடத்தில் தலைமை ஏற்றார். மறுநாள் பாடாங் திடலில் படை அணிவகுத்தது. அதன்பின் சிப்பாய் மட்டும் போதாது, சாதாரண மக்களும் வரவேண்டும் என்று அழைத்தார். பால்மரம் வெட்டிய கைகள் துப்பாக்கி ஏந்தின. விடியற்காலையில் பெரட்டுக்கு நின்ற கால்கள் அணிவகுத்து நடந்தன.

இவங்களா சிப்பாய் என்று பழைய பட்டாளத்துக்காரர் சிலர் ஏளனமாகப் பார்த்தார்கள். அதிகாரிகள் பேசிய இந்துஸ்தானியும் நம்மவர்களுக்குப் புதுசு. பெண்களுக்குப் பட்டாளம் எதுக்கு என்று ஜப்பானியர் முகஞ்சுளித்தார்கள். நேதாஜி விடவில்லை. 1943 அக்டோபர் 22இல் வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணிப் படையின் முகாமைத் திறந்தார். சென்னையில் படித்த டாக்டர் லட்சுமி அதன் தலைவி. தோட்டத்துப் பெண்களும் அதில் சேர்ந்தார்கள்.

எல்லா மதத்தாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது அவர் படையின் வழக்கம். டேங் ரோட்டுச் செட்டியார் கோவிலுக்கு அழைத்தபோது, எல்லாச் சாதியாரையும் மதத்தாரையும் விட்டால்தான் வருவேன் என்றார். சம்மதித்த பிறகே, முஸ்லிம் அதிகாரிகளையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனார்.

எல்லாம் சமமாகிவிட்டதா? இல்லை. இந்தப் படை வேவுக்கும் பிரசாரத்துக்கும் போதும் என்றே ஜப்பானியத் தளபதிகள் நினைத்தார்கள். நேதாஜி வாதாடி, பொறுக்கியெடுத்த ஒரு படையைப் பர்மாவுக்கு அனுப்பினார். அங்கே அவர்களைச் சாலை போடவும் மூட்டை சுமக்கவும் வைத்தார்கள். கூலி வேலை பார்த்த நமக்கு அந்த அவமானம் புரியும் அல்லவா?

1945 பிப்ரவரியில் ஐராவதி ஆற்றங்கரையில், நம் தமிழர்கள் பலர் இருந்த நேரு படை நின்றது. பீரங்கி இல்லை, விமானம் இல்லை. ஆற்றைக் கடக்க வந்த படகுகளை இயந்திரத் துப்பாக்கியால் முதலில் தடுத்தார்கள். பிறகு சிலர் சரணடைந்தார்கள். மற்றவர்கள் பின்வாங்கிப் போப்பா மலைப்பக்கம் போய் மேலும் போராடினார்கள். தோற்றார்கள், ஆனால் தமிழன் சண்டைக்கு லாயக்கில்லை என்ற பேச்சு பொய் என்று காட்டிவிட்டார்கள்.

1945 ஆகஸ்ட் 18இல் தைவானில் நடந்த விமான விபத்தில் நேதாஜி மறைந்தார். அதற்கு முந்தின மாதம் சிங்கப்பூர்க் கடற்கரையில், இறந்த சிப்பாய்களுக்காக அவர் அடிக்கல் நாட்டிய நினைவுச்சின்னத்தைத் திரும்பி வந்த ஆங்கிலேயர் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1995இல் அந்த இடத்தில் நினைவுப் பலகை வைத்தார்கள். சிங்கப்பூர் போனால், பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

மாணவச் செல்வங்களே! இன்று பரிசு வாங்கியவர்கள் வாங்காதவர்களை இளப்பமாகப் பார்க்காதீர்கள். வாங்காதவர்களே, உங்களால் ஆகாது என்று யாராவது சொன்னால், பெரட்டுக்களத்திலிருந்து பாடாங் திடலுக்குப் போன நம் தாத்தாமார்களை நினைத்துக்கொள்ளுங்கள்.