படமாகும் முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர்!

ஒரகடத்துல ஷிஃப்ட் முடிஞ்சு, காஞ்சிபுரம் பஸ்ல ஜன்னலோர சீட் கிடைச்சா பலர் மொபைல்ல திறக்கிற கதைகள்ல ஒன்று ‘சிவகாமியின் சபதம்’. கதை நடக்கிற காஞ்சி, பஸ் போய்ச் சேர்ற அதே ஊர்தான். எழுதியவர் கல்கி. அவர் கையெழுத்துப் போட்ட ஒரு பிரதி கிடைச்சா, பழைய புத்தகம் சேர்க்கிறவங்களுக்கு அது புதையல். ஏன்னு புரிய அவர் வாழ்க்கையைத் தெரிஞ்சுக்கணும்.

படிப்பை விட்ட பையன்

1899 செப்டம்பர் 9-ல், மாயவரம் பக்கம் புத்தமங்கலத்தில் பிறந்தவர் ரா.கிருஷ்ணமூர்த்தி. 1921-ல் காந்தியின் ஒத்துழையாமை இயக்கத்துக்காகத் திருச்சியில் பள்ளிப் படிப்பை விட்டார். அடுத்த வருஷமே ஒரு வருடச் சிறை. வெளியே வந்ததும் திரு.வி.க-வின் ‘நவசக்தி’யில் வேலை. பிறகு ‘ஆனந்த விகடன்’ ஆசிரியர் குழு.

படமும் தொடரும் ஒண்ணா!

1939-ல் செம புதுமை ஒண்ணு நடந்தது. கே.சுப்ரமணியம் இயக்கிய ‘தியாக பூமி’ படம் தயாராகும்போதே, அந்தக் கதை விகடனில் தொடராக வந்தது. ஓவியங்களுக்குப் பதில் படத்தின் ஸ்டில்கள்! மனைவி கணவனுக்கு ஜீவனாம்சம் தருகிற கதை. சுதந்திரப் போராட்டமும் கலந்திருந்ததால் பிரிட்டிஷ் அரசு படத்தைத் தடை செய்தது.

1941-ல் மறுபடி சிறை. விகடனை விட்டு வெளியேறி, நண்பர் டி.சதாசிவத்தோடு ‘கல்கி’ பத்திரிகையைத் தொடங்கினார். அதற்கான பணம், எம்.எஸ்.சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்துச் சம்பாதித்தது. அதில்தான் ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’, 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ எல்லாம் தொடராக வந்தன.

பார்க்காமலே போனார்

1954 டிசம்பர் 5-ல் கல்கி இறந்தார். வயது 55. சிவாஜி, பானுமதி நடித்த ‘கள்வனின் காதலி’ வந்தது 1955-ல். ‘பார்த்திபன் கனவு’ 1960-ல். மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ 2022, 2023-ல். எதையும் அவர் பார்க்கலை. ‘அலை ஓசை’க்கு 1956-ல் கிடைத்த சாகித்ய அகாடமி விருதையும் அவர் வாங்கலை.

சேகரிக்கப் போறீங்களா?

இங்கேதான் உஷாரா இருக்கணும். 1954-க்குப் பிறகு அச்சான பிரதியில் அவர் கையெழுத்து இருந்தா, அது அவர் போட்டதா இருக்கவே முடியாது. அதனால முதல்ல பதிப்பு ஆண்டைப் பாருங்க, அப்புறம் விலை பேசுங்க. 1999-ல் அவர் எழுத்துகள் நாட்டுடைமை ஆனதால் யார் வேணும்னாலும் அச்சடிக்கலாம். புதுப் பதிப்புகள் மலிவா, நிறைய கிடைக்கும். படிக்க அது போதும்.

சேர்க்கணும்னா இன்னொரு வழி இருக்கு. அந்தக் காலத்து வாசகர்கள் வாராவாரம் தொடர் பக்கங்களைக் கிழிச்சு எடுத்து பைண்ட் பண்ணி வச்சாங்க. மணியம் வரைஞ்ச ஓவியங்களோட ஒரு ‘பொன்னியின் செல்வன்’ பைண்டிங், எந்தக் கையெழுத்துக்கும் குறைஞ்சதில்லை. உங்க ஊர்ல பாட்டி வீட்டுப் பரண்ல ஒண்ணு இருக்கலாம். பழைய பேப்பர் கடைக்குப் போறதுக்குள்ள தேடிப் பாருங்க!