இடலாக்குடி தந்த சதாவதானி

நாகர்கோவில் நகரின் ஒரு பகுதியாய், கோட்டாற்றை அடுத்து விளங்கும் இடலாக்குடியில், 1874 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31 ஆம் நாள், பக்கீர் மீரான் சாகிபு - அமீனா அம்மையார் இணையர்க்கு மகனாகத் தோன்றியவர் செய்குத்தம்பிப் பாவலர். வடலூர் வள்ளலார் மறைந்ததும் அவ்வாண்டே. பின்னாளில் அவ்வள்ளலாரின் பாடல்களுக்காகவே பாவலர் மேடை மேடையாக ஏற நேர்ந்தது என்பதனை எண்ணும்போது நமக்கு வியப்புத் தோன்றுகிறது.

அந்நாளில் நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தது. பள்ளியில் மலையாளம் கற்ற பாவலர், சங்கரநாராயண அண்ணாவியார் என்னும் ஆசிரியரை அடைந்தே தமிழின் இலக்கண இலக்கியங்களைப் பயின்றார். முஸ்லிம் மாணவர்க்கு இந்து ஆசிரியர் யாப்புச் சொல்லித் தந்தார். பாடமும் பெரும்பாலும் வாய்மொழியாகவே நடந்தது. ஏடு பார்த்துப் படிப்பதினும் காதால் கேட்டு நெஞ்சில் நிறுத்துவதே அன்றைய கல்விமுறை. முஸ்லிம் ஊர்களில் சீறாப்புராணத்தை ஒருவர் இசையோடு படிக்க, மற்றொருவர் பொருள் விரிக்க, ஊரே கூடியிருந்து கேட்கும் வழக்கமும் இருந்தது. எழுத்தறியாத பெண்டிரும் முதியோரும் உமறுப் புலவரை அறிந்தது இவ்வாறே. பாவலரின் ஆற்றல் விளைந்த நிலம் இதுவென்றே நாம் கருதுகிறோம்.

சீறாப்புராணத்தைப் பதிப்பிக்கும் பணி அவரைச் சென்னைக்கு அழைத்துச் சென்றது. ஆங்கே அச்சகத்தில் பிழை திருத்துவோராய் அமர்ந்தவர், விரைவிலேயே புலவர் அவைகளில் அறியப்பட்டார். 1907 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10 ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் அவர் நூறு அவதானங்களை நிகழ்த்திச் சதாவதானி எனும் சிறப்பினைப் பெற்றார். அப்போது அவர் தம் வாழ்வின் 33 ஆம் ஆண்டில் இருந்தார்.

அவதானம் என்பதனை இக்கால மாணவர்க்குச் சிறிது விளக்குதல் வேண்டும். அவதானியின் முதுகில் ஒருவர் சிறு கற்களை எறிந்துகொண்டிருப்பார். மற்றொருவர் இடையிடையே மணி அடிப்பார். ஒருவர் கணக்கொன்று கேட்பார். வேறொருவர் ஈற்றடி தந்து வெண்பா வேண்டுவார். இவை யாவும் ஒன்றன்மேல் ஒன்றாய் வந்து விழும். அவதானி எதனையும் எழுதிக்கொள்ளாமல், இறுதியில் கல்லின் தொகை, மணியின் தொகை, கணக்கின் விடை, முற்றுப்பெற்ற வெண்பா ஆகிய அனைத்தையும் ஒப்புவித்தல் வேண்டும். விழா மேடைகளில் இதனை நினைவாற்றலின் விந்தையாகவே நாம் பேசி வருகிறோம். அது போதாது. கல்லை எண்ணுதல் பயிற்சியால் கைகூடும். அவையோரின் உள்ளக் குறிப்பறிந்து அக்கணமே பாடுதல் அவ்வாறு கைகூடுவதன்று.

இதற்குச் சான்றாக நம் பகுதியில் வழங்கும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. முஸ்லிம் ஒருவர் தமிழ்ப் புலமையில் தலையெடுப்பதைப் பொறாத ஒருவர், துருக்கனுக்கு இராமன் துணையாவான் எனும் பொருள்பட ஈற்றடி கொடுத்தாராம். பாடினால் தம் சமயத்தாரிடம் பழி. மறுத்தால் அவையில் தோல்வி. பாவலர் சினந்தாரில்லை. ஈற்றடிக்கு முந்தைய அடியைச் சத் என்னும் ஒலியில் முடித்துவிட்டு, கொடுத்த அடியை அப்படியே தொடர்ந்தார். துருக்கன் அக்கணமே சத்துருக்கனாகி, இராமனின் இளவலாக மாறி நின்றான். இகழ்ந்தவரும் அவையோரோடு சேர்ந்து கைதட்டினார் என்பர். தமிழ் எங்களுக்கும் உரியது என்று அவர் வழக்காடவில்லை. அவ்வுரிமையோடு பாடிக் காட்டினார்.

ஒதுக்கப்பட்டோர் வாய்மொழிக் கவிதையை மேடையேற்றித் தம் குரலை நிலைநாட்டியது பிற நாடுகளிலும் நிகழ்ந்ததே. மால்கம் எக்சின் பிறந்த நாளாகிய மே 19 அன்று, 1968 இல், நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதிப் பூங்காவில் கறுப்பினக் கவிஞர் சிலர் மேடையேறினர். லாஸ்ட் போயட்ஸ் எனும் அக்குழுவினர் பறையொலியோடு கவிதை சொல்லித் தம் மக்களைத் திரட்டினர். அவர்தம் கவிதை சினத்தின் கவிதை. பாவலருடையதோ பெரிதும் இணக்கத்தின் கவிதை. இரண்டனுள் எது உயர்ந்தது என்று நாம் அளக்கப் புகவில்லை. அடிமை விலங்கின் தழும்பு சுமந்தோரையும், அண்டை வீட்டாரின் ஐயத்தைச் சுமந்தவரையும் ஒரே தராசில் நிறுத்தல் தகாது. அச்சேறும் வரை காத்திராமல், கூடியிருப்போரின் முகம் பார்த்துச் சொன்னமையில் மட்டும் இருசாராரும் ஒன்றுபடுகின்றனர்.

வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா, மருட்பாவா எனும் பூசல் நா. கதிரைவேற்பிள்ளை காலத்தில் மீண்டும் மூண்டபோது, பாவலர் அருட்பாவின் பக்கம் நின்று சொற்பொழிவாற்றினார். சைவருக்குள் எழுந்த வழக்கில் முஸ்லிம் ஒருவர் நுழைந்து ஒரு சைவ அருளாளருக்காக வாதிட்டதும், அதனைச் சைவப் பெருமக்களே விரும்பிக் கேட்டதும் எளிய செய்திகள் அல்ல. காஞ்சிபுரத்தில் அவரை யானைமீது ஏற்றி ஊர்வலம் செய்வித்தனர் என்பர். தம் மார்க்கத்தில் அவர் சிறிதும் தளர்ந்தவரல்லர் என்பதற்கு நபிகள் நாயக மான்மிய மஞ்சரி முதலிய அவருடைய நூல்களே சான்று.

பின்னர்க் கதராடை அணிந்து விடுதலை இயக்க மேடைகளிலும் பேசினார். நாடு விடுதலை பெற்றதைக் கண்டார். தாம் பிறந்த மண் 1956 நவம்பர் 1 இல் தமிழகத்தோடு இணைந்ததைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. 1950 பிப்ரவரி 13 இல் இயற்கை எய்தினார். 2008 இல் இந்திய அஞ்சல்துறை அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியிட்டது. இடலாக்குடியில் அவர் பெயரால் மணிமண்டபமும் அரசுப் பள்ளியும் உள்ளன.

அச்சேறிய நூல்கள் நூலகங்களில் உள்ளன. ஆயின் அவைதோறும் அவர் அக்கணத்தில் பாடியவற்றுள் கேட்டோர் நெஞ்சில் நின்ற சிலவே எஞ்சின. ஏனையவை அவ்வந்த மாலைப்பொழுதோடு மறைந்தன. ஆண்டுதோறும் முதலாண்டு வகுப்பில் பாவலரை அறிவீரோ என நாம் கேட்பதுண்டு. பள்ளியின் பெயராகப் பலரும் அறிந்திருப்பர். அவர் பாடல் ஒன்றனைச் சொல்வோர் அரியர். சென்ற ஆண்டு மாணவி ஒருத்தி மட்டும் எழுந்து, தன் பாட்டியிடம் கேட்டதென்று அந்தச் சத்துருக்கன் வெண்பாவைப் பார்க்காமல் சொன்னாள். இடையே ஒரு சீர் பிறழ்ந்திருந்தது. நாம் திருத்தவில்லை.